ஆறாவது எலுமிச்சம்பழம்

ஸ்கூடாய் போகும் வழியில் பிக்கப் மறுபடியும் ஒரு குழியில் இறங்கி ஏறியது. யுகேந்திரனின் தே தாரிக்கில் பாதி அவன் சட்டைக்கும் மீதி வண்டியின் கூரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"மதிவாணன் சார்," என்றான், மூக்கு நுனியில் சொட்டியதைத் துடைத்துக்கொண்டே. "உங்க வண்டிக்கு ஸ்பிரிங் போட்டாங்களா, இல்ல அப்புறம் வந்து வாங்கிக்கங்கன்னு சொன்னாங்களா?"

"ரோடு சரியில்ல தம்பி," என்றார் ஓட்டிக்கொண்டிருந்த மதிவாணன்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு. பக்கத்து கார்ல ஒரு அம்மா லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டே ஓட்டுறாங்க. ஒரு இடத்துலகூட கோடு தாண்டல."

முன் இருக்கையில் இருந்த ஷரோன் திரும்பி அந்த லிப்ஸ்டிக்கை ஒரு முறை பார்த்தாள். பிறகு கூரையில் ஒட்டியிருந்த தேநீரைப் பார்த்தாள். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். பல் பிடுங்க வந்து, தவறிப்போய் ஒரு மாடி அதிகம் ஏறி, வழக்கு கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. யுகேந்திரன் அவளுடைய உதவியாளன். சம்பளம் கைகாலுக்கு, வாய் இலவசம்.

இன்றைய வழக்கு பிரேமலாவின் தோசை டிரெய்லர்.

பிரேமலா ஸ்கூடாயில் குடியிருப்பவள். சக்கரம் வைத்த ஒரு முழுச் சமையலறையை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பிழைப்பு நடத்துகிறாள். இரண்டு தோசைக்கல், குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வியாழக்கிழமை விடியற்காலையில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால் வாசலில் தோசை வாசனை மட்டும் இருந்தது.

இன்று சனிக்கிழமை. பெக்கான் நானாஸில் அன்னாசிச் சந்தை நாளை தொடங்குகிறது. நம்மவர் சாப்பாட்டுக்கு அங்கே ஒரே ஒரு இடம்தான். மூன்று வருடம் கேட்டுக் கேட்டு இந்த முறைதான் அது பிரேமலாவுக்குக் கிடைத்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் வண்டி மைதானத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு இன்னொரு மூன்று வருடம்.

ஷரோனின் கார் பட்டறையில் படுத்திருந்ததால், தன் பக்கத்து வீட்டு மதிவாணனைக் கூப்பிட்டு, "நீங்க இவங்களை எங்க கேட்டாலும் கூட்டிட்டுப் போங்க" என்று பிரேமலாவே உத்தரவு போட்டிருந்தாள். மதிவாணன் செனாயில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். நாற்பது வயது, தனிக்கட்டை. அவருடைய பிக்கப் இதுவரை சுமந்த பெரிய பாரம் அவருடைய சாப்பாட்டுக் கூடைதான். உத்தரவைக் கேட்டதும் முகம் வெளுத்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பாஸ், இதுவரைக்கும் கிடைச்ச ஒரே தடயம் என்ன தெரியுமா?" என்றான் யுகேந்திரன். "ஒரு முடி."

அது உண்மைதான். பிரேமலாவின் வாசல் சிமெண்டில் ஷரோன் பொறுக்கி எடுத்தது கறுப்பாக, குட்டையாக ஒரு ரப்பர் முடி. கடையிலிருந்து வந்த புது டயரில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அது.

"அந்த டிரெய்லரை இழுத்துட்டுப் போன வண்டிக்குப் புது டயர்," என்றாள் ஷரோன். "முதல்ல ராஜசேகரன் வண்டியைப் பாப்போம். வரிசையில அடுத்த ஆளு அவருதானே."

மதிவாணன் ஏனோ கடிகாரத்தைப் பார்த்தார்.

ராஜசேகரன் ரொட்டி சானாய் கடைக்காரர். அவருடைய பிக்கப் கடை வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பது போல நின்றது. கீழே ஊதா விளக்கு, கதவில் புலிப் படம், பளபளக்கும் பெரிய ரிம், அதைச் சுற்றி அகலமாக, தட்டையாக டயர்.

"நான் ஏன் எடுக்கணும்?" என்றார் அவர், மாவுக் கையோடு. "அவங்க வரலைன்னா இடம் எனக்கு. அதுக்காக நான் உக்காந்து அழணுமா?"

யுகேந்திரன் ஷரோனின் காதருகே குனிந்தான். "பாஸ், இவருதான். காரணமும் இருக்கு, வண்டியும் இருக்கு, பின்னால கொக்கியும் இருக்கு. கூப்பிட்டு உக்கார வச்சு ரொட்டி ரெண்டு சாப்பிட்டுட்டு பிடிச்சுக் குடுத்துடலாம்."

"இவரு இல்ல," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மதிவாணன். வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று சொன்னவர், இறங்கி வந்து ராஜசேகரனின் பின் டயருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இது பார்வைக்குப் போடுற டயர். பக்கத்தைப் பாருங்க, எவ்வளவு மெலிசு. இங்க போட்டிருக்கிற பாரம் தாங்குற நம்பர் நூத்தி ஒம்போது. இழுக்குற வண்டிக்கு நூத்தி இருபதுக்கு மேல வேணும், பத்து அடுக்கு வச்ச பத்து ப்ளை டயர் வேணும். பிரேமலாவோட டிரெய்லர் மூக்கை இதுல கொண்டுபோய் வச்சா, டயர் அப்படியே உக்காந்துடும். ஹைவேல ஏறுறதுக்குள்ள சூடாகி வெடிச்சிருக்கும். இதுல வெடிச்ச அடையாளமும் இல்ல, புது டயர் முடியும் இல்ல. இந்த மனுஷன் எடுக்கல."

ஒருவர் மேல் விழுந்த பழி இப்படி நீங்கினால் அவர் மகிழ வேண்டும். ராஜசேகரனுக்கோ கோபம் வந்தது.

"என் டயருக்கு என்ன குறை? அதெல்லாம் இழுக்கும் லா."

"இழுக்காது," என்றார் மதிவாணன் வருத்தத்தோடு.

"வேணும்னா அந்த டிரெய்லரைக் கொண்டு வாங்க. இப்பவே இழுத்துக் காட்டுறேன்."

"அதைத்தான் அண்ணே தேடிக்கிட்டு இருக்கோம்," என்றான் யுகேந்திரன். "கிடைச்சா முதல்ல உங்களுக்குத்தான் போன்."

திரும்பி வரும்போது ஷரோன் மதிவாணனை ஓரக்கண்ணால் அளந்தாள். "டயரைப் பத்தி நிறைய தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

"யூட்யூப்," என்றார் மதிவாணன்.

யுகேந்திரன் பின்கதவைத் திறந்தவன், சேறு படாமல் காலைத் தூக்கி வைத்தான். "சார், ஒண்ணு கேக்கவா? மேல பாத்தா தலை சீவலாம் போல துடைச்சு வச்சிருக்கீங்க. கீழ டயர் நாலும் மட்டும் எருமை குளிச்சு வந்த மாதிரி இருக்கு. தண்ணி தீந்துபோச்சா?"

மதிவாணன் பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பி, ஸ்பீட் பம்பில் ஏறி, யுகேந்திரனின் தலை கூரையில் முட்டியது. அதனால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுபோனது.

"யுகா," என்றாள் ஷரோன். "உங்க ஆளுங்க புது டயர் மாட்டுனா முதல்ல எங்க போவாங்க?"

"அலைன்மென்ட் பாக்கப் போவாங்க," என்றார் மதிவாணன் அவசரமாக.

"அது ரெண்டாவது," என்றான் யுகேந்திரன். "முதல்ல முனியாண்டி கோயில். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, ஏத்தி நசுக்கிட்டுத்தான் ரோட்டுக்கே வருவாங்க. எங்கப்பா சைக்கிளுக்கு டியூப் மாத்துனாக்கூட ரெண்டு பழம் நசுக்குவாரு. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க பாஸ், உங்களுக்கு ஃபாதர் வந்து தண்ணி தெளிச்சா போதும். எங்களுக்குச் சாறு வரணும்."

"கோயில் எங்க இருக்கு?"

"பெக்கான் நானாஸ் போற ரோட்டுல ஒண்ணு இருக்கு. லாரிக்காரங்க எல்லாரும் அங்கதான் நிப்பாட்டுவாங்க."

"அது ரொம்ப தூரம்," என்றார் மதிவாணன். "டைம் வேற போகுது."

"பரவாயில்ல, போலாம்," என்றாள் ஷரோன். அதற்குப் பிறகு மதிவாணன் ஓட்டிய வேகத்துக்கு, நடந்து போனவர்கள்கூட இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்பே, ஒரு வளைவு தள்ளி வண்டியை நிறுத்தினார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல. மத்தியானம் கோழி சாப்பிட்டுட்டேன்."

யுகேந்திரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடக்கும்போது சொன்னான்: "பாஸ், இது முனியாண்டி. அவருக்கே இங்க சேவலும் சுருட்டும்தான் படையல். கோழி சாப்பிட்டவன் உள்ள வரக்கூடாதுன்னா முதல்ல சாமி வெளிய போகணும். இது இவருக்குத் தெரியாதா?"

ஷரோன் நின்றுவிட்டாள். "என்ன சொன்னே?"

"சாமி வெளிய—"

"அதுக்கு முன்னாடி." அவளே யோசித்து, அவளே தலையாட்டிக்கொண்டு, மேலே நடந்தாள்.

கோயில் என்றால் அரசமரம், தகரக் கூரை, மீசை முறுக்கிய முனியாண்டி, வாசலில் மாலையும் எலுமிச்சையும் விற்கும் வெள்ளையம்மா. வண்டிகள் பூசைக்கு நிற்கும் சிமெண்டுத் தரை முழுக்க நசுங்கிய பழங்களின் மஞ்சள் வட்டங்கள். மழை இல்லாததால் வாரக் கணக்கான பக்தி அப்படியே காய்ந்து கிடந்தது.

யுகேந்திரன் கும்பிட்டுவிட்டு விபூதி பூசிக்கொண்டான். ஷரோன் தரையைப் பார்த்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"யுகா, பிக்கப்புக்கு எத்தனை பழம்?"

"நாலு சக்கரம், நாலு பழம். இதுக்குக் கால்குலேட்டர் வேணுமா?"

"இங்க வா. இது நாலும் பிக்கப் அகலம். அதே நேர்க்கோட்டுல, பின்னால தள்ளி, இன்னும் ரெண்டு. இது எந்த வண்டி, ஆறு சக்கரத்தோட?"

யுகேந்திரன் குனிந்து ஆறையும் விரல்விட்டு எண்ணினான். "டிரெய்லர்," என்றான் பிறகு. "அலமாக், அடக் கடவுளே! திருடன் திருட்டு டிரெய்லருக்கும் சேத்து பூசை போட்டிருக்கான்."

வெள்ளையம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது.

"வியாழக்கிழமை வெள்ளன வந்தாருங்க, இன்னும் இருட்டு. முகம் சரியா தெரியல. பின்னால பெரிய பெட்டி, கன்வாஸ் போட்டு மூடியிருந்துச்சு. ஆறு பழம் கேட்டாரு. ஐயா, பின்னால இருக்கிறது பழைய டயராச்சே, அதுக்கு எதுக்குன்னு கேட்டேன். அதுக்குத்தாம்மா முக்கியமா வேணும், போய்ச் சேர்ற வரைக்கும் அது வெடிக்கக்கூடாதுன்னு சொன்னாரு."

"பூசாரி பேரு, நட்சத்திரம் கேட்டிருப்பாரே?" என்றான் யுகேந்திரன்.

"கேக்காம? ரெண்டு பேரு சொன்னாரு. முன் வண்டிக்கு ஒண்ணு, பின் வண்டிக்கு ஒண்ணு. பின்னால இருக்கிறதுக்கு பிரேமலா, பூரட்டாதி."

ஷரோனுக்கு இது புதிது. "திருட வந்தவன் உண்மையான பேரைச் சொல்லுவானா?"

"பாஸ், போலீஸ்காரன்கிட்ட பொய்ப் பேரு சொல்லலாம். சாமிகிட்ட பொய்ப் பேரு சொன்னா அர்ச்சனை வேற எவனுக்கோ போய்ச் சேர்ந்துடும். அப்புறம் டயர் வெடிச்சா யாரைக் கேக்குறது?"

ஷரோன் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "அம்மா, முன் வண்டிக்குச் சொன்ன பேரு நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். கோழி சாப்பிட்டேன்னு சாக்குச் சொல்லி இங்க வராம நிக்கிறவரு. மதிவாணன்."

"ஆமா," என்றாள் வெள்ளையம்மா. "சித்திரை நட்சத்திரம். உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"காலையிலேர்ந்து அவரு வண்டியிலதாம்மா சுத்துறோம்," என்றான் யுகேந்திரன் பலவீனமான குரலில்.

அவர்கள் வளைவைத் தாண்டி வந்தபோது பிக்கப் விட்ட இடத்திலேயே நின்றது. மதிவாணன் ஓடவில்லை. சக்கரத்தருகே, ஓடத் தெரியாதவர் போல நின்றிருந்தார். ஷரோன் ஒரு குச்சியை எடுத்துப் பின் டயரின் சேற்றைச் சுரண்டினாள். அடியில் பத்து ப்ளை என்ற எழுத்தும், வரிசையாகக் கறுப்பு முடிகளும் வெளியே வந்தன. முடி வரிசையில் ஒன்று மட்டும் பிய்ந்திருந்தது.

"சாப்பாட்டுக் கூடை மட்டும் ஏத்துற வண்டிக்குப் பாரம் இழுக்குற டயர்," என்றாள். "காத்தை இறுக்கி அடிச்சு, பின்னால ஒண்ணும் இல்லாம ஓட்டுனா இப்படித்தான் தூக்கிப் போடும். யுகா சட்டையில இருக்கிற தேத்தண்ணிதான் முதல் சாட்சி. நான்தான் ரோட்டுல தேடிக்கிட்டிருந்தேன், உக்காந்திருக்கிற இடத்தைப் பாக்கல."

"என் முதுகெலும்பு காலையிலேர்ந்து சாட்சி சொல்லிக்கிட்டே இருந்துச்சு," என்றான் யுகேந்திரன். "யாரும் கேக்கல."

"டிரெய்லர் எங்க சார்?"

"பெக்கான் நானாஸ்ல, டயர் கடையில." என்றார் மதிவாணன். "நான் திருடல மிஸ். அந்த டிரெய்லர்ல யாரோ கழட்டிப் போட்ட கார் டயரை மாட்டி வச்சிருந்தாங்க. ஒரு பக்கம் வெடிப்பு, இன்னொரு பக்கம் வீங்கி முட்டை மாதிரி நிக்குது. உள்ள கேஸ் இருக்கு, அவங்க இருக்காங்க. மாத்துங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். நான் மாத்தித் தரேன்னும் சொன்னேன். யார்கிட்டேயும் எதுவும் வாங்குற பழக்கம் எனக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க."

"அதனால சொல்லாம எடுத்துட்டீங்க."

"என் வண்டி டயரும் இழுக்கத் தாங்காது. முதல்ல இதுக்கு நாலு மாத்துனேன். அப்புறம் அவங்க பாசாருக்குப் போன நேரத்துல டிரெய்லரை இழுத்துட்டுப் போனேன். மத்தியானத்துக்குள்ள கொண்டுவந்து வாசல்ல விட்டுட்டா, சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். அந்தக் கடை முதலாளி தவுக்கே, ரிம்மே துருப்பிடிச்சிருக்கு, பாரம் தாங்குற டயரை இதுல மாட்டக்கூடாது, புது ரிம் வரணும்னுட்டாரு. சரி, விஷயத்தைச் சொல்லிடலாம்னு வீட்டுக்கு வந்தா, அவங்க நடுரோட்டுல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தாங்க. எடுத்தவன் மூஞ்சியில இந்த ஜென்மத்துல முழிக்க மாட்டேன்னு." அவர் தன் முகத்தைத் தொட்டுக்கொண்டார். "அந்த மூஞ்சி இதுதானே மிஸ். ரிம் இன்னைக்கு வந்துடுச்சு. ஆறு மணிக்குள்ள மைதானத்துல கொண்டுபோய் விட்டுட்டு, யாருக்கும் தெரியாம வந்துடலாம்னு இருந்தேன். அவங்க என்னை உங்களுக்கு டிரைவராப் போட்டுட்டாங்க."

யுகேந்திரன் பின்கதவைத் திறந்துகொண்டே சொன்னான்: "சார், துப்பறியுறவங்களையே ஏத்திக்கிட்டு ஓடுன முதல் திருடன் நீங்கதான். ஏறுங்க, மணி ஆகுது."

ஷரோன் போனை எடுத்தாள். "பிரேமலா, நேரா பெக்கான் நானாஸ் டயர் கடைக்கு வந்துடுங்க. கிடைச்சிடுச்சு. யாருன்னு அங்க வந்து பேசிக்கலாம்."

இந்த முறை மதிவாணன் வேகமாக ஓட்டினார். கையில் மாவு வாளியோடு பிரேமலா வாடகைக் காரில் வந்து இறங்கியபோது டிரெய்லர் கடை வாசலில் புது ரிம், புது டயர் போட்டு நின்றிருந்தது. காலையில் அரைத்த மாவு வெயிலில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாளியை இறக்கி வைக்காமலே அவள் ஷரோன் சொன்னதை எல்லாம் கேட்டாள். ஒரு மூலையில் கழற்றிப் போட்டிருந்த பழைய டயரைப் போய்ப் பார்த்தாள். முட்டை போல வீங்கிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. அவள் முகம் மாறியது.

மதிவாணன் டிரெய்லரின் மறுபக்கம் ஒளிந்து நின்றார். அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

"என் நட்சத்திரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் செருப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு நீங்க சொல்லும்போது பின்னாலதான் நிப்பேன்."

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

செருப்பு மெல்ல டயருக்குப் பின்னால் நகர்ந்தது. யுகேந்திரன் எதையோ சொல்ல வாயெடுத்தான். ஷரோன் அவன் காலை மிதித்தாள்.

"ஸ்டேஷன்ல ரிப்போர்ட் குடுத்திருக்கேன்," என்றாள் பிரேமலா கடைசியில். "வாபஸ் வாங்கப் போனா, யாரு எடுத்தாங்கன்னு கேப்பாங்க."

"என் பேரையே சொல்லிடுங்க."

"பேரு எதுக்கு? வீட்டு ஆளுதான் எடுத்திருக்காருன்னு சொல்லிக்கிறேன்." அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பிக்கப்பின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். "மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு தெருவுக்கே சொல்லிட்டேன். அதனால நான் இப்படித்தான் உக்காந்திருப்பேன். கொக்கியை மாட்டுங்க, ஆறு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க."

மைதானம் பத்து நிமிடத் தூரம். பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் அடக்கமாக வந்தது. பின் இருக்கையில் யுகேந்திரன், வழியில் வாங்கிய புதுத் தே தாரிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். முதல் குழி வந்தது, போனது. ஸ்பீட் பம்ப் வந்தது, போனது. அவன் கண்ணைத் திறந்து சட்டையைப் பார்த்தான். ஒரு சொட்டுகூட இல்லை.

"பாஸ், இந்த வண்டிக்கு ஸ்பிரிங் வந்துடுச்சு."

"ஸ்பிரிங் இல்லடா," என்றாள் ஷரோன். "பாரம் வந்துடுச்சு."

மைதானத்தின் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. கேட்டுக்காரர் இன்னும் பூட்டைப் போடவில்லை. வாசலுக்கு எதிரே மதிவாணன் திடீரென்று பிரேக்கை மிதித்தார். மாவு வாளியின் மூடி தெறித்து விழுந்தது.

"வீட்டு ஆளுன்னா..." என்றார் அவர்.

பிரேமலாவின் காது சிவந்திருந்தது. அவள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றாள். "மாவு கொட்டுது."